பியேர் மெந்தேஸ் பிரான்ஸ்: புதுச்சேரியை விட்டவர் அல்ஜீரியாவை ஏன் விடவில்லை?

கடற்கரைச்சாலை எழுதியது:

நவம்பர் 1 புதுச்சேரிக்கு விடுதலை நாள். 1954-ல் அன்றைக்குத்தான் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகியவற்றின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அதே நாள் விடிவதற்குள் அல்ஜீரியாவில் தேசிய விடுதலை முன்னணி பல ஊர்களில் தாக்குதல் நடத்தி, 1962 வரை ஓயாத ஒரு போரைத் தொடங்கிவிட்டது. இங்கே கொடி இறங்கியபோதும் அங்கே குண்டு வெடித்தபோதும் பாரிஸில் பிரதமராக இருந்தவர் ஒரே ஆள்தான், பியேர் மெந்தேஸ் பிரான்ஸ்.

1954 ஜூன் 18-ல் பதவிக்கு வந்தார், 1955 பிப்ரவரி 5-ல் கவிழ்ந்தார். ஏழரை மாதம். அதற்குள் இந்தோசீனப் போரை நிறுத்தினார், துனீசியாவுக்கு உள்நாட்டுத் தன்னாட்சி அறிவித்தார், நம் ஊரை ஒப்படைத்தார். ஆனால் அல்ஜீரியா என்றதும் நவம்பர் 12-ல் நாடாளுமன்றத்தில் எழுந்து, அல்ஜீரிய மாவட்டங்கள் பிரெஞ்சுக் குடியரசின் பகுதி, அதில் சமரசத்துக்கு இடமே இல்லை என்றார். ஒரே மனிதர் இரண்டு விதமாக நடந்துகொண்டது ஏன்? இதைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாகப் பேசி நான் பார்த்ததில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள். அவருடைய முழு வாழ்க்கையையும் பேசலாம்.

நூலகவாசி எழுதியது:

நல்ல இழை. 1954-க்கு முந்தைய கதை தெரியாமல் இந்தக் கேள்விக்குள் போக முடியாது, அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

பிறந்தது 1907 ஜனவரி 11, பாரிஸ். போர்த்துகலிலிருந்து வந்து குடியேறிய யூத வம்சம். சின்ன வயதிலேயே வழக்கறிஞர் ஆனார். முனைவர் பட்ட ஆய்வு புவான்கரே அரசின் நிதிக்கொள்கை பற்றியது, ஆக நிதியும் நாணயமும் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே சொந்தத் துறை. 1932-ல் நார்மண்டியில் யூர் (Eure) மாவட்டத்தின் லூவியே தொகுதியில் ராடிகல் கட்சிக்காக நின்று ஜெயித்தபோது வயது 25, அந்த அவையிலேயே இளையவர். பிறகு லூவியே நகர மேயர். 1938-ல் லெயோன் புளூமின் இரண்டாவது அமைச்சரவை சில வாரங்களே நீடித்தது, அதில் கருவூலத்துக்கான துணைச் செயலர். அப்போது அவருக்கு 31 வயது.

இனி 1940. ஜெர்மன் படை பிரான்ஸை நசுக்கிக்கொண்டு வருகிறது. வட ஆப்பிரிக்காவிலிருந்து போரைத் தொடரலாம் என்று நம்பிய 27 நாடாளுமன்ற உறுப்பினர்கள் மஸிலியா என்ற கப்பலில் ஜூன் 21-ல் புறப்படுகிறார்கள். விமானப்படை அதிகாரியாக இருந்த இவரும் ஏறுகிறார். அவர்கள் காஸாபிளாங்கா போய்ச் சேருவதற்குள் பெத்தேன் அரசு போர்நிறுத்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டது. போராடப் போனவர்களை ஓடிப்போனவர்கள் என்று அந்தப் பெத்தேன் அரசு (விஷி நகரில் உட்கார்ந்ததால் விஷி அரசு என்பார்கள்) ஊர் முழுக்கப் பரப்பியது. மெந்தேஸ் மொராக்கோவில் கைதானார், படையை விட்டு ஓடியதாகக் குற்றச்சாட்டு. 1941 மே 9-ல் கிளெர்மோன்-ஃபெரான் ராணுவ நீதிமன்றம் ஆறு ஆண்டு சிறை விதித்தது.

அதே கப்பலில் வந்த ழான் ஸே, ழோர்ழ் மாந்தெல் இருவரும் சிறையிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. 1944-ல் விஷியின் துணைப்படை இரண்டு பேரையும் வெளியே கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றது. மெந்தேஸ் பிழைத்ததற்கு ஒரே காரணம் அவர் 1941 ஜூன் 21 இரவு சுவர் ஏறித் தப்பியதுதான். அந்த இரவை அவரே பிற்காலத்தில் ஓர் ஆவணப்படப் பேட்டியில் சொன்னார். மதில் மேல் ஏறிவிட்டார், கீழே மரத்தடியில் ஒரு காதல் ஜோடி. அவன் கெஞ்சுகிறான், அவள் தயங்குகிறாள். அவள் சம்மதம் சொல்லி இருவரும் கிளம்பும்வரை இவர் மதில் மேலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

பல மாதம் மறைந்து திரிந்து, போர்த்துகல் வழியாக 1942-ல் லண்டன் சேர்ந்தார். அங்கிருந்து ஜெர்மனிக்கு எதிராகப் போரை நடத்திய டெகோல் பக்கத்தில் நாற்காலி கிடைத்திருக்கும். அவர் கேட்டது குண்டுவீச்சுப் படையில் இடம். லொரேன் என்ற பிரிவில் சேர்ந்து எதிரி வசமிருந்த ஐரோப்பாவின் மேல் பறந்தார். முன்னாள் அமைச்சர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், போர் விமானத்தில் திசை பார்த்துச் சொல்லும் வேலை செய்திருக்கிறார். பின்னாளில் இவரைத் தேசத்துரோகி என்று கத்தியவர்கள் யாரும் இதைப் பேசவே இல்லை.

காரைக்கால் பையன் எழுதியது:

நூலகவாசி அண்ணா, விவரம் அருமை. ஆனால் இழையின் தலைப்பே எனக்கு உறுத்துகிறது. "புதுச்சேரியை விட்டவர்" என்றால் ஏதோ அவர் தூக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. 1936 ஜூலை 30-ல் சவானா மில் முன்னால் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் செத்தார்கள். அப்போது பாரிஸில் நடந்தது இடதுசாரி மக்கள் முன்னணி ஆட்சி, மெந்தேஸும் அந்த அணியில் இருந்தவர்தான். விடுதலைப் போராட்டத் தலைவர் வ. சுப்பையா சிறையிலும் தலைமறைவிலும் கழித்த வருடங்கள் இருக்கின்றன. 1954 மார்ச்சில் புதுவை அரசியல் தலைவர் குபேரே பிரெஞ்சு பக்கத்திலிருந்து மாறி இணைப்பு வேண்டும் என்றார். நெட்டப்பாக்கம் விடுவிக்கப்பட்டது. ஜூனில் ஏனாமும் ஜூலையில் மாகேயும் கையைவிட்டுப் போய்விட்டன. இந்தியா எல்லையை இறுக்கிவிட்டது. இதற்கு மேல் பிரான்ஸிடம் பிடித்துவைக்க என்ன இருந்தது? விட்டார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மக்கள் பிடுங்கிக்கொண்டார்கள்.

கடற்கரைச்சாலை எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அதில் ஒன்றைக்கூட நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாரிஸ் பக்கம் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மெந்தேஸுக்கு முந்தைய லானியேல் ஆட்சியிலும் இதே நெருக்கடிதான். மே மாதம் பாரிஸில் பேச்சு தொடங்கி, ஜூன் தொடக்கத்தில் முறிந்தது. நிலத்தில் பிடி தளர்ந்துவிட்டது என்று தெரிந்தும் சண்டை போட்ட அரசுகள் பிரான்ஸிலேயே உண்டு. வியட்நாமில் பிரெஞ்சுப் படை தோற்ற தியன் பியன் பூ அதற்குச் சாட்சி. கோவாவில் போர்த்துகல் 1961 வரை உட்கார்ந்திருந்ததையும் யோசியுங்கள்.

சட்டச் சிக்கல் ஒன்றும் இருந்தது. 1946-ம் ஆண்டு பிரெஞ்சு அரசியல் சாசனம், ஒரு நிலப்பகுதியைக் கொடுக்க வேண்டுமென்றால் அங்குள்ள மக்களின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சந்திரநாகூரில் 1949-ல் எல்லா மக்களையும் வாக்களிக்க வைத்தார்கள். இங்கே அப்படி ஒரு பொது வாக்கெடுப்புக்கு இந்தியா ஒத்துக்கொள்ளவில்லை. மெந்தேஸ் அரசு கண்ட வழி, மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளைக் கேட்பது. 1954 அக்டோபர் 18, கீழூர். சட்டமன்ற உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. மூன்றே நாளில், 21-ம் தேதி, புது தில்லியில் ஒப்பந்தம். அடுத்த பத்து நாளில் கொடி மாறியது. வேறொரு பிரதமர் இருந்திருந்தால் இந்தச் சாசனப் பிரிவையே காட்டி இன்னும் ஐந்து வருடம் இழுத்திருக்க முடியும்.

லா ஷப்பல் எழுதியது:

பாரிஸில் இருந்து எழுதுகிறேன். மன்னிக்கவும், புதுவைக்கு முன்னால் இந்தோசீனாவைப் பேச வேண்டும், ஏனென்றால் அவர் பதவிக்கு வந்ததே அதனால்தான். புதுச்சேரி, காரைக்கால் ஆட்கள் எத்தனையோ பேர் சைகோனில் அரசு வேலையிலும் படையிலும் இருந்தார்கள். ஊரில் இன்றும் சொல்தா (பிரெஞ்சில் சிப்பாய்) வீடு என்று சொல்லும் வீடுகள் எல்லாம் அந்தச் சம்பாத்தியத்தில் எழுந்தவைதான். ஆகையால் அது நமக்கும் தூரத்துப் போர் இல்லை.

மெந்தேஸ் இந்தப் போரைப் பற்றி முதலில் பேசியது 1950 அக்டோபரில், காவ் பாங் பக்கம் பிரெஞ்சுப் படை நொறுங்கிய பிறகு. அவர் சொன்னது கணக்கு. ராணுவத்தால் ஜெயிக்க வேண்டுமா, படையையும் பணத்தையும் பல மடங்கு கூட்டுங்கள், அதற்கு வரி போடுங்கள், ஐரோப்பாவில் பாதுகாப்பு குறைவதை ஏற்றுக்கொள்ளுங்கள். முடியாதா, எதிரியோடு பேசுங்கள். இரண்டும் இல்லாமல் இழுத்துக்கொண்டே போவது பிள்ளைகளைச் சாகக் கொடுப்பது. அவையில் கைதட்டியவர்கள் குறைவு. அதன் பிறகும் நான்கு வருடம் இழுத்தார்கள்.

1953 ஜூனிலேயே அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஆள்வது என்றால் தேர்ந்தெடுப்பது என்று அப்போதைய பேச்சில் சொன்னார், அது இன்றும் பிரான்ஸில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. 314 வாக்கு வேண்டும், கிடைத்தது 301. போனது பதின்மூன்று வாக்கில். பிறகு ஒரு வருடம் கழித்து, 1954 மே 7-ல் தியன் பியன் பூ விழுந்ததும் அதே அவை அவரைத் தேடி வந்தது.

ஜூன் 17-ம் தேதி அவர் அவையில் வைத்த நிபந்தனையைக் கேளுங்கள். ஜூலை 20-க்குள் போர்நிறுத்தம் கொண்டுவருவேன், முடியாவிட்டால் ராஜினாமா செய்வேன். அதோடு கம்யூனிஸ்ட் வாக்குகளை என் பெரும்பான்மையில் சேர்க்க மாட்டேன் என்றார், எதிரியின் நண்பர்களை நம்பி வந்தவன் என்று ஜெனீவாவில் யாரும் நினைக்கக் கூடாது என்பதற்காக. முடிவு 419-க்கு 47. கம்யூனிஸ்ட்களைக் கழித்தாலும் 314-ஐத் தாண்டியது.

ஐந்தாவது நாளே பெர்னில் சௌ என்லாயைச் சந்தித்தார். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டலெஸ் சீனப் பிரதமருக்குக் கைகூடக் கொடுக்காத காலம் அது. ஜூலை 7-ல் இன்னொன்றும் அறிவித்தார்: 20-ம் தேதிக்குள் முடியாவிட்டால், ராஜினாமாவுக்கு முன் என் கடைசி வேலை கட்டாய ராணுவப் பிள்ளைகளை வியட்நாமுக்கு அனுப்பும் சட்டத்தை அவையில் வைப்பது. அதுவரை அந்தப் போருக்குப் போனது சம்பளச் சிப்பாய்களும் காலனிப் படைகளும்தான். கட்டாயச் சேவைப் பையன்கள் போகவில்லை. அவருடைய அந்த அறிவிப்பு எதிரியான வியட்மினுக்கும் (ஹோ சி மினின் விடுதலை இயக்கம்) எச்சரிக்கை, பாரிஸ் பெற்றோருக்கும் எச்சரிக்கை. கடைசியில் ஜெனீவாவில் கையெழுத்து ஆனது 21-ம் தேதி பொழுது விடிவதற்கு முன்னால். மண்டபத்துக் கடிகாரத்தை நள்ளிரவுக்கு நிறுத்திவைத்தார்கள், கெடு தவறவில்லை என்று காட்ட.

காரைக்கால் பையன் எழுதியது:

அந்த ஒப்பந்தம்தானே வியட்நாமைப் பதினேழாவது அட்சரேகையில் வெட்டியது? இரண்டு வருடத்தில் தேர்தல் என்று எழுதினார்கள், நடக்கவே இல்லை. அதற்குப் பிறகு இருபது வருடம் அந்த மக்கள் பட்டதைச் சொல்லி முடியுமா?

லா ஷப்பல் எழுதியது:

உண்மை, அதை மறைக்க முடியாது. வியட்மின் தரப்பில் பாம் வான் டாங் பதிமூன்றாவது அட்சரேகை கேட்டார், பிரான்ஸ் பதினெட்டு கேட்டது, சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவ் நடுவில் புகுந்து பதினேழில் முடித்தார். போர்க்களத்தில் ஜெயித்ததைவிடக் குறைவாகத்தான் வியட்மின் வாங்கிக்கொண்டது, சீனாவும் சோவியத்தும் கொடுத்த அழுத்தத்தால். 1956 தேர்தல் நடக்காமல் போனதற்கு சைகோனில் ங்கோ தின் தியெமும் அவருக்குப் பின்னால் நின்ற வாஷிங்டனும் காரணம். அமெரிக்கா அந்த இறுதி அறிக்கையை ஏற்கவே இல்லை. மெந்தேஸ் கையில் இருந்தது பிரெஞ்சுப் போரை நிறுத்துவது, அதைச் செய்தார். அடுத்த போரைத் தடுக்கும் வழி அவரிடம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

திருவாரூர் வாசகி எழுதியது:

போர், ஒப்பந்தம் என்றே போகிறது. எனக்கு இவரை முதலில் அறிமுகப்படுத்தியது பால்தான். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க ஏற்பாடு செய்த பிரதமர் என்று படித்தேன். யாராவது சொல்லுங்களேன்.

நூலகவாசி எழுதியது:

வாசகி அக்கா, அது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் அவரைக் கவிழ்த்ததில் அதற்கும் பங்குண்டு.

அன்றைய பிரான்ஸில் குடிதான் பெரிய கொள்ளைநோய். ஈரல் நோயில் சாகிறவர்கள் ஏராளம். பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கே உணவோடு தண்ணீர் கலந்த வைன் கொடுப்பது பல ஊரில் சாதாரணம். அரசோ பீட்ரூட்டிலிருந்து வடிக்கும் சாராயத்தை நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலேயே வடித்துக்கொள்ளும் உரிமை லட்சக்கணக்கான தோட்டக்காரர்களுக்கு இருந்தது. அதற்கு வரியும் இல்லை. இவர்கள் எல்லோருக்கும் அவையில் ஆட்கள் இருந்தார்கள், வலதிலும் இடதிலும்.

மெந்தேஸ் இந்த வடிப்பு உரிமையைச் சுருக்கினார், பீட்ரூட்டைச் சாராயத்திலிருந்து சர்க்கரைப் பக்கம் திருப்பினார், பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சர்க்கரை போட்ட பால் கொடுக்க உத்தரவிட்டார். ராணுவ முகாம்களுக்கும் பால். தானே பொது விருந்துகளில் பால் டம்ளரோடு நின்றார், பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்துத் தள்ளினார்கள். கேலிச்சித்திரம் வரைந்தவர்களுக்கு அந்த டம்ளர் போதுமானதாக இருந்தது. சாராய வியாபாரிகளின் கோபமோ கேலியோடு நிற்கவில்லை. சிறு கடைக்காரர்களைத் திரட்டிய புழாத் இவர் உடம்பில் கோல் (Gaul, பழைய பிரெஞ்சு) இனத்தின் ரத்தம் ஒரு துளிகூட இல்லை என்கிற மாதிரி மேடைகளில் பேசினார். யூதர் என்பதால் பிரெஞ்சுக்காரர் இல்லை என்று குத்திக்காட்டுவதுதான் அதன் பொருள். விமானத்தில் போய் அந்த நாட்டுக்காகக் குண்டு போட்டவரை.

சனிக்கிழமை மாலை வானொலியில் மக்களிடம் நேராகப் பேசும் வழக்கமும் அவர் ஆரம்பித்ததுதான். ரூஸ்வெல்ட் அமெரிக்காவில் செய்தது அவருக்கு முன்மாதிரி. இந்த வாரம் அரசு என்ன செய்தது, ஏன் செய்தது என்று கட்சிப் பேச்சு இல்லாமல் சொல்வார். கட்சித் தலைவர்களுக்கு இது பிடிக்கவே இல்லை. அவர்கள் தலைக்கு மேல் மக்களிடம் போகிறாராம்.

நிதிப்பக்கம் எழுதியது:

யாரும் 1945-ஐத் தொடவில்லை, நான் சொல்கிறேன். எனக்கு அவரிடம் பெரிய மரியாதை வந்தது அங்கேதான்.

1943 நவம்பரில் டெகோல் அவரை விமானப்படையிலிருந்து அல்ஜியர்ஸுக்கு அழைத்து நிதிப் பொறுப்பைக் கொடுத்தார். 1944 ஜூலையில் உலக நாணய ஏற்பாட்டைப் பேசிய பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் பிரெஞ்சுக் குழுவின் தலைவர் இவர்தான். பாரிஸ் விடுதலையானதும் தேசியப் பொருளாதார அமைச்சர். நாட்டின் நிலை என்ன? ஜெர்மானியர்கள் நான்கு வருடம் நோட்டு அடிக்க வைத்துக் கறந்துகொண்டு போனார்கள். பணம் மலையாகக் கிடக்கிறது, கடையில் சரக்கு இல்லை. கள்ளச்சந்தையில் சேர்த்தவர்கள் கையில்தான் பெரும்பணம்.

மெந்தேஸ் சொன்ன மருந்து இது. பழைய நோட்டுகளை எல்லாம் வாங்கிப் புது நோட்டு கொடுப்போம், ஆனால் ஆளுக்கு ஓர் அளவுவரை மட்டும். மீதி வங்கியில் முடங்கட்டும், சரக்கு வர வர மெல்ல விடுவிக்கலாம். போர்க்கால லாபத்துக்கு வரி. கூலி, விலை இரண்டையும் கட்டுக்குள் வைப்போம். பக்கத்தில் பெல்ஜியம் 1944 அக்டோபரில் இதையே செய்தது. நிதியமைச்சர் ரெனே பிளெவன் வேண்டாம் என்றார்: களைத்துப்போன மக்கள் தாங்க மாட்டார்கள், கடன் பத்திரம் விற்றுப் பணத்தை உறிஞ்சலாம், கிராமத்து விவசாயி நோட்டை மெத்தைக்கடியில் வைத்திருக்கிறான், அவனைப் பகைக்க வேண்டாம். டெகோல் பிளெவன் பக்கம் சாய்ந்தார். மெந்தேஸ் 1945 ஜனவரியில் நீண்ட ராஜினாமாக் கடிதம் எழுதினார், ஏப்ரலில் அது ஏற்கப்பட்டது.

அடுத்த சில வருடம் பிரான்ஸில் விலைவாசி ஏறிய வேகத்தில், மாதச் சம்பளக்காரர்களும் ஓய்வூதியக்காரர்களும் நசுங்கிப் போனார்கள். பிராங்கின் மதிப்பு மறுபடி மறுபடி குறைக்கப்பட்டது. மக்கள் இப்போது தாங்க மாட்டார்கள் என்று தள்ளிப்போட்ட வலி அவர்களுக்கே கூடுதலாக வந்து சேர்ந்தது. அந்த வெற்றி மிதப்பில், டெகோலின் செல்வாக்கு உச்சத்தில் இருந்தபோது, செய்திருக்கலாம். என்னைப் பொறுத்தவரை அதுதான் கைநழுவிய பெரிய வாய்ப்பு. இந்தோசீனா பற்றி அவர் 1950-ல் பேசியதும் இதே தர்க்கம்தான்: செலவை மறைக்காதே, எதை விடப்போகிறாய் என்று சொல்.

காரைக்கால் பையன் எழுதியது:

எல்லாம் சரி. தொடங்கிய கேள்விக்கு வருவோம். இவ்வளவு தெளிவாகக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவருக்கு அல்ஜீரியக் கணக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? அவருடைய உள்துறை அமைச்சர் மித்தெரான் கூடுதல் படையை அனுப்பினார், ஆயுதம் எடுக்காத தேசியவாதிகளையும் பிடித்து உள்ளே போட்டார்கள். அங்கே விடுதலை கேட்டவனும் கீழூரில் கை தூக்கியவனும் கேட்டது ஒன்றுதானே?

நூலகவாசி எழுதியது:

தம்பி, மக்களுடைய உரிமை என்று பார்த்தால் ஒன்றுதான். பாரிஸ் சட்டத்திலும் அரசியலிலும் ஒன்றாக இருக்கவில்லை. துனீசியா பிரான்ஸின் பாதுகாப்பில் இருந்த தனி நாடு, அங்கே பே என்ற பட்டத்தோடு ஓர் அரசர் இருந்தார். 1954 ஜூலை 31-ல் மெந்தேஸ் மார்ஷல் ஜுவேனையே பக்கத்தில் கூட்டிக்கொண்டு கார்த்தேஜ் போய்த் தன்னாட்சி அறிவித்தார். படை ஆளைக் கூட வைத்துக்கொண்டு போனால் வலதுசாரிகள் வாயைத் திறக்க முடியாது என்று தெரிந்தே செய்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியேறிகள் சொற்பம். அல்ஜீரியா 1848 முதல் பிரான்ஸின் மாவட்டங்களாகவே எழுதிவைக்கப்பட்ட நிலம். ஏறக்குறைய பத்து லட்சம் ஐரோப்பியர், அவர்களுக்குப் பாரிஸ் அவையில் உறுப்பினர்கள். அவர்களில் ஒருவர், கான்ஸ்டன்டீன் தொகுதியின் ரெனே மேயர், மெந்தேஸின் சொந்தக் கட்சிக்காரர்.

அவர் ஆட்சி என்ன செய்யப் பார்த்தது என்றால், 1947-ல் இயற்றித் தூங்கவிட்ட அல்ஜீரியச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவது, அல்ஜீரியப் போலீஸைப் பிரான்ஸ் போலீஸோடு இணைப்பது. இரண்டாவது முக்கியம், ஏனென்றால் அங்கே போலீஸ் குடியேறிகளின் பிடியில் இருந்தது, சித்திரவதை சாதாரணம். 1955 ஜனவரியில் ழாக் சுஸ்தெலைத் தலைமை ஆளுநராகப் போட்டதும் சீர்திருத்தம் செய்வார் என்ற நம்பிக்கையில்தான். இந்த அளவுக்கே குடியேறிகள் கொதித்தார்கள். பிப்ரவரி 5 விடியற்காலையில் வட ஆப்பிரிக்கக் கொள்கை மேல் நடந்த வாக்கெடுப்பில் 319-க்கு 273 என்று விழுந்தார். முன்னால் நின்று தாக்கியவர் அதே ரெனே மேயர். தோற்ற பிறகு மறுபடி மேடையேறிப் பேச முயன்றார். மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டு விடவில்லை.

அந்த 319-ல் வேறு கணக்குகளும் தீர்க்கப்பட்டன. மேற்கு ஐரோப்பிய நாடுகளின் படைகளை ஒன்றாக்கும் ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூக ஒப்பந்தத்தை ஆகஸ்ட் 30-ல் அவை நிராகரித்தபோது அவர் அரசு நடுநிலை வகித்தது. அதை ஐரோப்பிய இணைப்பை ஆதரித்த எம்.ஆர்.பி. கட்சி மன்னிக்கவே இல்லை. கம்யூனிஸ்ட்களுக்கு மேற்கு ஜெர்மனியை நேட்டோவில் சேர்த்த கோபம். சாராயக்காரர்களைச் சொல்ல வேண்டியதில்லை.

கடற்கரைச்சாலை எழுதியது:

அப்படியானால் நவம்பர் 12 பேச்சு அவையைச் சமாளிக்கச் சொன்னதா, உள்ளபடியே நம்பியதா?

நூலகவாசி எழுதியது:

நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். 1954-ல் பிரான்ஸில் அல்ஜீரியச் சுதந்திரத்தை வெளிப்படையாகக் கேட்ட பெரிய தலைவர் எவருமே இல்லை. ஆனால் அவர் மாறினார், மற்றவர்களைவிடச் சீக்கிரம் மாறினார். 1956 ஜனவரி தேர்தலில் அல்ஜீரியாவில் அமைதி என்று சொல்லி அவருடைய குடியரசு முன்னணி ஜெயித்தது. மக்கள் மனதில் பிரதமர் அவர்தான், ஆனால் பதவி போனது சோஷலிஸ்ட் கீ மொல்லேவுக்கு. பிப்ரவரி 6-ல் மொல்லே அல்ஜியர்ஸ் போனார், குடியேறிகள் தக்காளி வீசினார்கள், அவர் பணிந்து கடும்போக்குக்குத் திரும்பிவிட்டார். இலாகா இல்லாத அமைச்சராக இருந்த மெந்தேஸ் மே 23-ல் விலகினார். அந்த மக்களின் உணர்வையும் துயரத்தையும் பார்க்காத கொள்கை முதலில் அல்ஜீரிய மக்களை இழக்க வைக்கும், பிறகு அல்ஜீரியாவை, பிறகு ஆப்பிரிக்கா முழுவதையும் என்று விலகும்போது எழுதினார். அந்த மாதம் அதே அரசில் நீதியமைச்சராக இருந்த மித்தெரான் விலகவில்லை. அவர் இருந்த காலத்தில் அல்ஜீரியக் கைதிகள் பலருக்குத் தலை வெட்டப்பட்டது.

காரைக்கால் பையன் எழுதியது:

விலகியது நல்லதுதான் அண்ணா. ஆனாலும் அதிகாரம் கையில் இருந்த மூன்று மாதம் இருக்கிறதே, 1954 நவம்பரிலிருந்து. ஜெனீவாவில் கெடு வைத்தவர் அங்கே ஒரு கெடுகூட வைக்கவில்லை. அந்தக் குறையை என்னால் கழிக்க முடியாது.

இன்னொரு சேதி, இதே அல்ஜீரியாவால் நம் ஊர்க் காகிதமும் நின்றுபோனது. நிர்வாகம் 1954-ல் மாறினாலும் உரிமை மாற்ற ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்றது 1962 ஜூலை, அல்ஜீரியா விடுதலையான அதே மாதம். ஆகஸ்ட் 16-ல்தான் சட்டப்படி நாம் இந்தியா. அதன் பிறகு ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் இன்றும் பிரெஞ்சுத் தேர்தலில் புதுச்சேரியில் வரிசையில் நிற்கிறார்கள்.

திருவாரூர் வாசகி எழுதியது:

இவ்வளவு பேர் மதித்த மனிதர் பிறகு ஏன் ஆட்சிக்கே வரவில்லை?

லா ஷப்பல் எழுதியது:

1958-தான் பதில். அல்ஜியர்ஸில் ராணுவம் கிளர்ந்து, பாரிஸ் மேல் இறங்குவோம் என்று மிரட்டிக்கொண்டிருந்த வேளையில் டெகோல் ஆட்சி கேட்டார். ஜூன் 1-ல் 329-க்கு 224 என்று அவை கொடுத்தது. மெந்தேஸ் எதிர்த்து வாக்களித்தார். டெகோலின் கீழ் போரிட்டவர், அவரிடம் அமைச்சராக இருந்தவர், அவர் மேல் மரியாதை குறையாதவர். அவர் வாதம் டெகோல் கெட்டவர் என்பது இல்லை, துப்பாக்கி மிரட்டலில் கொடுக்கும் ஓட்டு சுதந்திரமான ஓட்டு இல்லை என்பது. அந்த வருடக் கடைசியில் லூவியே மக்களே அவரைத் தோற்கடித்தார்கள். ராடிகல் கட்சியும் அவரை வெளியேற்றியது. சின்ன சோஷலிஸ்ட் கட்சியான பி.எஸ்.யு.வில் போய்ச் சேர்ந்தார்.

1962-ல் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. ஒற்றை மனிதர் கையில் அதிகாரத்தைக் கொட்டும் ஏற்பாட்டை எதிர்த்துவிட்டு அதற்கே வேட்பாளராக நிற்பது அவரால் ஆகவில்லை. மித்தெரானும் எதிர்த்தார், எழுதினார், 1965-ல் போய் நின்றார். இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

1967-ல் கிரெனோபிளில் ஜெயித்து அவைக்குத் திரும்பினார். 1968 மே 27-ல் ஷார்லேத்தி மைதானத்தில் மாணவர் கூட்டத்துக்குப் போனார், ஒரு வார்த்தை பேசவில்லை. போனதே பெரிய குற்றமாகிவிட்டது. அடுத்த மாதத் தேர்தலில் கொஞ்ச வாக்கில் கிரெனோபிளை இழந்தார். 1969-ல் சோஷலிஸ்ட் தெஃபேர் குடியரசுத் தலைவருக்கு நின்றபோது, ஜெயித்தால் மெந்தேஸ் பிரதமர் என்று இருவர் படமும் போட்டுக் கேட்டார்கள், கிடைத்தது 5 சதவீதம்.

நிதிப்பக்கம் எழுதியது:

1957-ல் ஐரோப்பியப் பொதுச் சந்தையை உருவாக்கிய ரோம் ஒப்பந்தத்தை எதிர்த்து வாக்களித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுத் தொழில் இன்னும் தயாராகவில்லை, சமூகப் பாதுகாப்புச் செலவில் பின்தங்கிய நாடுகளின் போட்டி தொழிலாளியை அடிக்கும் என்றார். அந்தப் பயம் பெரும்பாலும் பலிக்கவில்லை, பிரான்ஸ் பொதுச் சந்தையில் நன்றாகவே வளர்ந்தது. அவர் பார்வை எல்லா இடத்திலும் கூர்மை என்று சொல்ல மாட்டேன்.

திருவாரூர் வாசகி எழுதியது:

கடைசிக் காலத்தில் இஸ்ரேல்-பாலஸ்தீனப் பேச்சுக்கு அவர் பாடுபட்டதைத் தேடிப் படித்தேன். 1976-ல் இரு தரப்பு ஆட்களும் பாரிஸில் ரகசியமாகச் சந்திக்க உதவியிருக்கிறார். 1982 ஜூலையில், பெய்ரூட் முற்றுகையில் கிடந்தபோது, நாகும் கோல்ட்மன், பிலிப் கிளட்ஸ்னிக் என்ற இரண்டு யூதத் தலைவர்களோடு சேர்ந்து அறிக்கை விட்டார்: இரண்டு மக்களும் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும், அதற்குப் பேசட்டும் என்று. அப்போது அவருக்கு 75 வயது, பதவி எதுவும் கிடையாது. யூதர் என்பதற்காக வாழ்நாள் முழுக்க வசவு வாங்கியவர் இதைச் செய்தது எனக்குப் பெரிதாகப்பட்டது.

கடற்கரைச்சாலை எழுதியது:

அந்த அறிக்கை வந்து மூன்றரை மாதத்தில், 1982 அக்டோபர் 18-ல் பாரிஸில் இறந்தார். முந்தைய வருடம் மே 21-ல் மித்தெரான் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது எலிசே மாளிகையில் இவரைக் கட்டிக்கொண்டார், இவர் கண் கலங்கியது படங்களில் இருக்கிறது. பதவி ஒன்றும் தரப்படவில்லை.

காரைக்கால் தம்பி சொன்ன குறையை நானும் ஏற்கிறேன். தியன் பியன் பூ விழுந்த பிறகு பிரெஞ்சு மக்களே போர் போதும் என்றார்கள், அதனால் ஜெனீவாவில் கெடு வைக்க முடிந்தது. 1954 நவம்பரில் அல்ஜீரியா விஷயத்தில் அப்படிச் சொல்ல யாரும் தயாராக இல்லை, மெந்தேஸும் அவர்களுக்கு முன்னால் போய் அதைச் சொல்லவில்லை. 1945-லும் 1950-லும் கூட்டத்துக்கு முன்னால் போய்ச் சொன்னவர் என்பதால்தான் இந்த ஒன்று இவ்வளவு கண்ணில் படுகிறது.

1962 ஜூலையில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் நம் ஒப்பந்தத்தின் மேல் யார் என்ன பேசினார்கள் என்று அவைக்குறிப்பில் தேட ஆரம்பித்திருக்கிறேன். பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர்கள் கூட வாருங்கள்.